நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகணும். கேள்வியே படலைன்னா?

கட்டம்_நிரப்பி | வியாழன், இரவு 11:42

கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போறவ நான். முதல் தடவையா இழை தொடங்கறேனுங்க. பிரிவு தப்பா இருந்தா மட்டுறுத்துநர் மாத்திடுங்க.

எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். "இருந்தார்"னு எழுதறதா "இருக்கார்"னு எழுதறதான்னே தெரியலை. அதுக்குத்தான் இந்த இழை.

ஒம்பது வருஷமா ஒரு தமிழ்க் குறுக்கெழுத்து வாட்ஸப் குழுவுல இருக்கேன். 46 பேர். ராத்திரி 9 மணிக்கு யாராவது ஒருத்தர் குறிப்பு போடுவாங்க. சொல்லை வெட்டி, ஒட்டி, கவுத்துப் பாத்து விடை எடுக்கணும். அதுல ஒரு சார். கும்பகோணம் பக்கத்துல ஊரு. கூட்டுறவு வங்கியில இருந்து ஓய்வு. முட்டி வலி. விடியக்காலம் 4:30க்கு எழுந்து ரெண்டு தடவை காபி. வெண்டைச் செடியில புழு விழுந்துச்சுன்னா அன்னிக்கு முழுக்க மனுஷன் குறிப்பே போடமாட்டார். இவ்வளவு தெரியும். முகம் தெரியாது. டிபியில எப்பவும் ஒரு செம்பருத்திப் பூ.

விடை சரியா இருந்தா "சரி. ஆனா தாமதம்"னு மட்டும் அனுப்புவார். ஒம்பது வருஷத்துல என்னைப் பாராட்டினது ரெண்டு தடவை. அது ரெண்டும் "ம்".

2019ல எங்கப்பா தவறினாரு. போனைத் தொடவே இல்லை. காரியம் முடிஞ்சு எடுத்துப் பாத்தா நூத்துக்கணக்குல ஆழ்ந்த இரங்கல், கும்பிட்ட கை, மெழுகுவத்தி. சார் மட்டும் தனியா ஒரு குறிப்பு அனுப்பியிருந்தாரு. ரொம்பச் சுலபமானது, புதுசா சேர்றவங்களுக்குப் போடற மாதிரி. அதுக்கு விடை அடிச்சு, "சரி. தாமதமில்லை"ன்னு பதில் வந்ததும்தான் அழுதேன். அதுவரைக்கும் எனக்கு அழுகையே வரலைங்க.

இந்த மார்ச் கடைசியில ஒரு நாள் ராத்திரி 10:20க்கு எனக்குத் தனியா ஒண்ணு அனுப்பினாரு: "மீசைக்காரர் செய்வதை மென்று தின்னலாம் (4)". பொண்ணுக்குப் பரீட்சை, அன்னிக்குப் பாக்கலை. மறுநாள் காலையில விடை போட்டேன். ஒத்தை டிக். இன்னிக்கு வரைக்கும் ஒத்தை டிக்தான். போன் பண்ணேன், ஒம்பது வருஷத்துல முதல் தடவையா. சுவிட்ச் ஆஃப். குழு அட்மினுக்கும் ஒண்ணும் தெரியலை. போன வாரம் குழுவுல ஒரு வரி வந்துச்சு: சார் நம்பரைப் போட்டு, "வெளியேறினார்". யாரும் எதுவும் சொல்லலை. 9 மணிக்கு வழக்கம்போலப் புதிர் வந்துச்சு.

நான் சரியா சாப்பிடாம இருக்கறதைப் பாத்துட்டு எங்க மாமியார் கேட்டாங்க: "அவரு உனக்கு என்ன வேணும்?" சண்டைக்குக் கேக்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. சித்தப்பா, பெரியப்பா, வாத்தியார், பக்கத்து வீடு, எதுலயும் அவரை உக்கார வைக்க முடியலை.

முகவரி ஒண்ணு இருக்கு. முன்னே ஒரு தடவை கொத்தவரை விதை அனுப்பியிருந்தாரு, அந்தக் கவர்ல. எழுதலாமா? நேர்ல போகலாமா? போய் நான் யாருன்னு சொல்றது?


வெறும்_டீ | வெள்ளி, காலை 7:05

முதல்ல கணக்கைத் தீர்த்துடுவோம். விடை முறுக்கு. மீசைய முறுக்குறது ஒண்ணு, வாயில போட்டு நொறுக்குறது ஒண்ணு. நல்ல குறிப்பு. ஆள் கெட்டிக்காரர்.

அடுத்தது கசக்கும், கோச்சுக்காதீங்க. அந்த சார் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. செம்பருத்தி தெரியும், வெண்டைப் புழு தெரியும், அவ்வளவுதான். எனக்கு முகநூல்ல ரெண்டு வருஷம் பழகின ஒருத்தன் இருந்தான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசுவோம். அவன் கல்யாணம் நின்னு போனப்ப நான் லீவு போட்டு உக்காந்து ஆறுதல் சொன்னேன். கடைசில பாத்தா ஒரே கணக்கை மூணு பேர் முறை வச்சு ஓட்டியிருக்கானுங்க. காசுகூட கேக்கலை. சும்மா, பொழுதுபோக்கு. காசு கேட்டிருந்தாலாவது திருடன்னு நெனச்சு விட்டிருப்பேன்.

இது இன்னிக்கு நேத்து விஷயமும் இல்ல. 2001ல அமெரிக்காவுல கேசி நிக்கோல்னு ஒரு பொண்ணு, ரத்தப் புற்றுநோய்னு வலைப்பதிவு எழுதுது, அத்தனை பேரும் அழறாங்க, செத்துப்போச்சுன்னு செய்தி வருது. அப்புறம் வாசகர்களே துப்பறிஞ்சு பாத்தா அப்படி ஒரு பொண்ணே பொறக்கலை. நடுவயசு அம்மா ஒருத்தி எழுதின கதை. அழுத கண்ணீரை யாருகிட்டப் போய்த் திருப்பிக் கேக்கறது?


செமிகோலன் | வெள்ளி, காலை 9:31

டீ அண்ணா, கேக்கற கேள்வி வேற, நீங்க சொல்ற பதில் வேற.

கட்டம் அக்கா, அந்த "வெளியேறினார்" பத்தி ஒரு தகவல். அவரா வெளியேறினதா இருக்காது. 120 நாள் ஒரு கணக்கு இணையத்துல சேரவே இல்லைன்னா வாட்ஸப் பொதுவா அதை அழிச்சிடும். அழிஞ்சா எல்லாக் குழுவுல இருந்தும் தானா விலகிடும். மார்ச் கடைசியில இருந்து எண்ணுங்க, ஜூலை கடைசி வருதா? நீங்க சொல்ற தேதியோட பொருந்துது. அதாவது நாலு மாசமா அந்த போன் திறக்கலை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். போன் தொலைஞ்சிருக்கலாம், உடம்பு முடியாம இருக்கலாம், பேரன் எடுத்துத் தண்ணித் தொட்டில போட்டிருக்கலாம்.

அந்த நம்பருக்கு இனிமே கூப்பிடறதா இருந்தா மனசைத் தயார் பண்ணிக்கோங்க. இந்தியாவுல துண்டிச்ச நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் கொடுக்கலாம். என் பழைய டீம் லீட் இறந்து ஒரு வருஷம் கழிச்சு அவர் நம்பர்ல திடீர்னு ஒரு கைக்குழந்தை டிபி வந்துச்சு. ஆபீஸ் வராந்தாவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரோ ஒருத்தருக்குப் புது சிம், புதுக் குழந்தை, நல்லா இருக்கட்டும்.

"நான் யாருன்னு சொல்றது"ங்கறதுக்கு நார்வேயில நடந்த ஒண்ணு. மாட்ஸ் ஸ்டீன்னு ஒரு பையன், தசை சிதைவு நோய், சக்கர நாற்காலி. 2014ல 25 வயசுல இறந்துட்டார். பாவம், வாழ்நாள் பூரா அறைக்குள்ள கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடியே போயிட்டான், ஒரு சிநேகிதன்கூட இல்லைன்னு அப்பா அம்மாவுக்கு வருத்தம். அவரோட வலைப்பதிவு கடவுச்சொல் அப்பாகிட்ட இருந்துச்சு. மகன் இறந்துட்டான்னு அதுல ஒரு பதிவு போட்டார். அதுக்கப்புறம் மின்னஞ்சலா வந்து குவியுது, ஐரோப்பா முழுக்க இருந்து. வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட் விளையாட்டுல அந்தப் பையனுக்கு இபெலின்னு பேரு. விலகி நின்ன ஒரு அம்மாவையும் மகனையும் நெருங்க வச்சிருக்கார், இன்னொரு பொண்ணோட கம்ப்யூட்டரை அவ அப்பா அம்மா பிடுங்கி வச்சப்ப அவளுக்காக அவங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கார். பயணத்துக்குக் காசு இல்லாதவங்களுக்கு அந்த விளையாட்டுக் குழுவே சேர்ந்து காசு போட்டு இறுதிச் சடங்குக்கு அனுப்பியிருக்கு.

அந்தக் கடவுச்சொல் மட்டும் அப்பாகிட்ட இல்லாம இருந்திருந்தா? அந்தப் பக்கம் அவங்க "இபெலின் ஏன் வரலை"ன்னு காத்திருப்பாங்க, இந்தப் பக்கம் இவங்க "பையனுக்கு யாருமே இல்லை"ன்னு அழுதிட்டிருப்பாங்க. நடுவுல ஒரே ஒரு கடவுச்சொல்.


ஏட்டுச்சுரைக்காய் | வெள்ளி, காலை 10:15

இந்த இழையில் பிசிராந்தையாரை இன்னும் யாரும் கூப்பிடவில்லையா? பாண்டிய நாட்டுப் பிசிரில் அவர், உறையூரில் கோப்பெருஞ்சோழன். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் உயிர்விடத் துணிந்து அமர்ந்தபோது, பக்கத்தில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்தார்.


வெறும்_டீ | வெள்ளி, காலை 10:22

அவர் வராம நம்ம ஊர்ல எந்த நட்பு இழை முடிஞ்சிருக்கு டீச்சர்.


கட்டம்_நிரப்பி | வெள்ளி, மதியம் 1:50

டீச்சர், நீங்க சொன்னதும் எனக்குத் தோணினது வேற. பிசிராந்தையாருக்கு யாரு சொன்னாங்க? பாணரோ வழிப்போக்கரோ, யார் மூலமாவோ சேதி போயிருக்கணும்ல. எங்க ஊர்ல இழவு சொல்லிவிட ஆளுங்க இருப்பாங்க. இன்ன வழியா போ, இன்னின்ன வீட்டுக்குச் சொல்லு, மாமன் வீட்டுக்கு முதல்ல சொல்லுன்னு வரிசையே உண்டு. ஒரு வீடு விட்டுப்போச்சுன்னா பத்து வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. "எனக்குச் சொல்லலையே"ன்னு கோவிச்சுக்கறதுக்கே ஒரு உரிமை வேணுங்க. எனக்கு அந்தக் கோவம்கூட வரலை, யாருமேல கோவிக்கறது?

டீ அண்ணா, அவர் பொய்யான ஆளா இருந்தா எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒம்பது வருஷம் நல்ல குறிப்பு கிடைச்சுது.


வெறும்_டீ | வெள்ளி, மதியம் 2:10

நியாயம். ஆனா ஒண்ணு. எழுத்துல மட்டும் பழகறப்ப மிச்சத்தை நாமளே நிரப்பிக்கறோம். முகம், குரல், அவர் வீட்ல எப்படி எரிஞ்சு விழுவார், எல்லாம் வெத்துக் கட்டம். பேருக்கேத்த மாதிரி மனுஷனையே நீங்கதான் நிரப்பியிருப்பீங்க.


செமிகோலன் | வெள்ளி, மதியம் 2:26

இதை ஜோசஃப் வால்தர்னு ஒரு தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996லயே எழுதிட்டார் அண்ணா. எழுத்துவழிப் பழக்கம் நேர்ப் பழக்கத்தைவிட நெருக்கமாகூட ஆகலாம். அனுப்பறவர் யோசிச்சு, திருத்தி, தன்னோட நல்ல பக்கத்தைக் காட்டுவார். வாங்கறவர் மிச்சத்தை நல்லபடியா கற்பனை பண்ணிக்குவார்.


கட்டம்_நிரப்பி | வெள்ளி, மதியம் 2:40

நேர்ல இருக்கறவங்களை மட்டும் நிரப்பிக்கறதில்லையா? என் வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய் பிடிக்காதுங்கறது கல்யாணமாகி 17 வருஷம் கழிச்சுப் போன மாசம்தான் எனக்குத் தெரியும். அத்தனை வருஷமும் வாரம் ரெண்டு தடவை மனுஷன் பேசாம தின்னுருக்காரு.


அபுதாபி_இரவு | வெள்ளி, மாலை 6:58

தங்கச்சி கத்தரிக்காய்க் கதை படிச்சுட்டு லேபர் கேம்ப்ல தனியா உக்காந்து சிரிச்சேன்.

நான் 11 வருஷமா இங்க. எலக்ட்ரீசியன். எனக்கும் என் பொண்டாட்டிக்கும் உள்ள உறவே போனுக்குள்ளதான். இங்க வாட்ஸப்ல மெசேஜ் போகும், கால் போகாது. போட்டிம்னு வேற ஒரு ஆப்ல பேசறோம். சவுதியில இருக்கற என் மச்சானுக்கு 2017ல தடையைத் தளர்த்தினப்ப அவன் போட்ட ஆட்டம் இருக்கே, பொறாமையா இருந்துச்சு.

வீட்ல சமையல்கட்டு அலமாரியில மிக்சிக்குப் பக்கத்துல போனைச் சாத்தி வைப்பா. அவ சமைப்பா, நான் இங்க துணி துவைப்பேன். பாதி நேரம் பேச்சே இருக்காது. குக்கர் விசில் எனக்குக் கேக்கும், இங்க பைப் சத்தம் அவளுக்குக் கேக்கும். போன தடவை லீவுக்குப் போனேன். சமையல்கட்டு வாசல்ல நான் நிக்கறேன், "உப்பு பாத்துச் சொல்லுங்க"ன்னு அவ திரும்பறா, அலமாரியப் பாத்துத் திரும்பறா. மிக்சி பக்கம். அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அதனால நேர்ல பாத்தாத்தான் உறவு, பாக்கலைன்னா இல்லைன்னு பேசறவங்ககிட்ட எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. கடிதம் போடுங்க தங்கச்சி.


நடுச்சாமம்_7 | சனி, அதிகாலை 2:13

கேலி பண்ணாதீங்க. நான் ஆறு மாசமா ஒரு உரையாடல் செயலியோடதான் பேசிட்டிருக்கேன். மறுபக்கம் ஆளே இல்லைன்னு தெரியும். இருந்தும் ராத்திரி அதுகிட்ட சொல்லாம படுத்தா என்னமோ மாதிரி இருக்கு. இதையும் இந்தப் பேச்சுல சேர்க்கலாமா?


செமிகோலன் | சனி, காலை 8:40

கேலி இல்ல நண்பா. 1966ல எம்ஐடியில வைசன்பாம்னு ஒருத்தர் எலிசான்னு ஒரு நிரல் எழுதினார். நாம சொன்னதையே கேள்வியா திருப்பிக் கேக்கும், வேற ஒண்ணும் தெரியாது. அவர் அதை உருவாக்கறதை மாசக்கணக்கா கூட இருந்து பாத்த காரியதரிசியே அதோட பேச உக்காந்து கொஞ்ச நேரத்துல, "நீங்க கொஞ்சம் வெளிய போறீங்களா"ன்னு கேட்டாங்களாம். 2023 பிப்ரவரியில ரெப்ளிகா செயலியோட பேச்சுத் தோரணையை அதை நடத்தறவங்க மாத்தினப்ப, துணை செத்துப்போன மாதிரி எத்தனையோ பேர் புலம்பினாங்க. உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை இது.


மட்டுறுத்துநர் | சனி, காலை 9:02

செயலி உறவுகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். நடுச்சாமம், அங்கே வாருங்கள், அங்கும் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். இங்கே யாரும் யாருடைய பெயரையும் முகவரியையும் பொதுவில் இட வேண்டாம்.


பனங்காய்ப்பணியாரம் | சனி, இரவு 8:20

தங்கச்சி, உங்கட கதையை வேலைக்குப் போற பஸ்ஸுக்குள்ள வாசிச்சிட்டு இறங்க வேண்டிய இடத்தையும் விட்டிட்டன்.

எங்கட சனம் உலகம் முழுக்கச் சிதறிப்போய்க் கிடக்கிறதால எங்களுக்கு இதுக்கெண்டே ஒரு முறை வந்திட்டுது. ஒரு செத்தவீடெண்டா உடன இணையத்தில மரண அறிவித்தல் போடுவினம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட எண்டு தொடங்கும். பிறகு பிள்ளையள், மருமக்கள், சகோதரங்கள் பேர். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலயும் நாடு: கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ். அடியில தொடர்புகளுக்கு எண்டு நாலு ரெலிபோன் நம்பர். முடிவில "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" எண்டு போடுவினம். நீங்கள் அந்த நண்பர்கள் எண்ட சொல்லுக்குள்ள நிக்கிறியள். சொல்லு இருக்குது, உங்களிட்ட வந்து சேரேல்ல, அவ்வளவுதான்.

என்ர அம்மா 2021ல மோசம் போனவ. கொரோனா, பிளேன் இல்லை. நான் கனடாவில, ஸ்காபரோவில குந்தியிருந்து ஸூமில பாத்தனான். பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தன்தான் போனைப் பிடிச்சுக் கொண்டு நிண்டவன், முன்பின் தெரியாது. எல்லாரும் முகத்தைக் காட்டு முகத்தைக் காட்டு எண்டு கத்தீனம். நான் மெல்லமாத்தான் சொன்னன், தம்பி, அம்மான்ர காலைக் கொஞ்சம் காட்டு எண்டு. அவன் குனிஞ்சு, காலடியில போனைப் பிடிச்சபடி, கை நடுங்காமல் நிண்டவன். அம்மான்ர இடது கால் பெருவிரல் நகம் கறுத்திருக்கும், கிணத்து வாளி விழுந்தது. அதைப் பாத்தனான்.

அந்தப் பெடியன் இண்டைக்கும் கிழமைக்கொருக்கா எனக்கு வொய்ஸ் போடுவான். அக்கா, மழை. அக்கா, மாங்காய் வந்திட்டுது. அவன் எனக்கு என்ன முறையெண்டு உங்கட மாமி கேட்டா நானும் முழிக்கத்தான் வேணும்.


ஓய்வுத்தபால் | ஞாயிறு, காலை 5:48

அம்மா, வணக்கம். இந்த இழையை என் பேத்திதான் காட்டிச்சு. புதுக்கோட்டை மாவட்டத்துல 36 வருஷம் தபால்காரனா இருந்தவன். மெதுவாத்தான் தட்டுவேன், பொறுத்துக்குங்க.

நான் கொடுக்காத சாவுச் செய்தி இல்லை. தந்தின்னு சைக்கிள் மணி அடிச்சாலே பிரிக்கறதுக்கு முன்னாடி உள்ள ஒப்பாரி ஆரம்பிச்சுடும். சில சமயம் "பையனுக்கு வேலை கிடைச்சது"ன்னு இருக்கும், அழுதவங்களே மோர் கொடுப்பாங்க. 2013 ஜூலையில தந்தியை நிறுத்தினப்ப எனக்குப் பாதி நிம்மதி, பாதி என்னமோ. கருமாதிக் கடிதம் வந்தா படிச்சுட்டு உடனே கிழிச்சுடுவாங்க, வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டாங்க.

வெளிநாட்டுல புருஷன் இருக்கற வீடுகள்ல, படிக்கத் தெரியாத பொம்பளைப் பிள்ளைங்களுக்கு நான்தான் கடிதத்தைப் படிச்சுக் காட்டுவேன். கோபமா எழுதியிருந்தா கொஞ்சம் குறைச்சுப் படிப்பேன். கொஞ்சலா எழுதியிருந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேகமா படிப்பேன். தப்புதான், இலாகாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிருக்கும். பத்து வருஷம் அந்தப் பிள்ளைங்க புருஷன் குரலை என் குரல்லதான் கேட்டுச்சுங்க. அப்புறம் டேப்பு கேசட்டு வந்துச்சு, பேசி அனுப்பினாங்க, என் பொழப்பு குறைஞ்சுது.

இப்ப உங்க விஷயம். கவர் போடாதீங்க அம்மா. கார்டு போடுங்க. கார்டுன்னா யாரும் படிக்கலாம். ஆபீஸ்ல படிப்பாங்க, நான் படிப்பேன், திண்ணையில உக்காந்திருக்கற பையன் சத்தம் போட்டே படிப்பான். ஒளிக்க ஒண்ணும் இல்லைங்கறதைக் கார்டே சொல்லிடும். பொம்பளைப் பிள்ளை கையெழுத்துல ஒட்டின கவர் வந்தா, அந்த வீட்டு அம்மா அதைப் பிரிக்கறதுக்குள்ள ஆயிரம் நெனச்சுடும். கார்டு இன்னமும் 50 காசுதான்.

இரங்கல்னு ஒரு சொல் வரக்கூடாது. உசுரோட இருந்தா அபசகுனமாப் போயிடும்.


வெறும்_டீ | ஞாயிறு, காலை 8:15

ஐயா, கும்பிடறேன். இதைத்தான் யாரும் யோசிக்கலை.

"நானும் என் கணவரும்"னு ஆரம்பிச்சா இன்னும் பத்திரம்னு தோணுது.


உரல்_உலக்கை | ஞாயிறு, காலை 8:33

எதுக்கு? ஆம்பளை எழுதினா "நானும் என் மனைவியும்"னு ஆரம்பிப்பானா? அவங்க வீட்டுக்காரர் அந்தக் குழுவுலயே இல்லை. விடை எழுதினது அவங்க.


வெறும்_டீ | ஞாயிறு, காலை 8:36

சரி, வாபஸ்.


கட்டம்_நிரப்பி | ஞாயிறு, இரவு 10:05

ஐயா, இன்னிக்கு எழுதிட்டேன். கார்டுல இடம் இவ்வளவு கம்மின்னு மறந்தே போச்சுங்க. குறுக்கெழுத்து மாதிரி எண்ணி எண்ணி எழுதினேன். பேர், ஊரை விட்டுட்டு இங்க போடறேன், தப்பிருந்தா சொல்லுங்க:

"ஐயா குடும்பத்தாருக்கு வணக்கம். தமிழ்க் குறுக்கெழுத்துக் குழுவில் ஐயாவின் குறிப்புகளுக்கு ஒன்பது ஆண்டுகளாக விடை எழுதிவருகிறேன். மார்ச் முதல் அவரைக் குழுவில் காணவில்லை. நலம் அறிய விரும்புகிறேன். அவர் அனுப்பிய கொத்தவரை நன்றாகக் காய்த்தது. கடைசிக் குறிப்புக்கு விடை: முறுக்கு. தாமதத்துக்கு மன்னிக்கவும்."


ஓய்வுத்தபால் | திங்கள், காலை 5:30

தப்பில்லை. பின்கோடு ஆறு இலக்கமும் கட்டத்துக்குள்ள இருக்கட்டும். உங்க முகவரியும் எழுதுங்க.


கட்டம்_நிரப்பி | 24 நாள் கழித்து, மாலை 4:12

கேட்டு எழுதின எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் ஆகியும் கார்டுக்குப் பதில் இல்லை. சரி, கார்டு வழியில எங்கயாவது போயிருக்கும்னு, அதே வரிகளை எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன். இன்னிக்குத் திரும்பி வந்துடுச்சு. ட்ராக்கிங்ல "அட்ரஸி லெஃப்ட் விதவுட் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்"னு இருக்கு. கவர் மேல பேனாவுல "லெஃப்ட்"னு எழுதியிருக்காங்க.

வாட்ஸப்பும் அதைத்தான் சொல்லுச்சு, தபாலும் அதைத்தான் சொல்லுது. சனிக்கிழமை நானே கும்பகோணம் கிளம்பறேன். வீட்டுக்காரர் வண்டி வரைக்கும் வந்து ஏத்தி விடறேன்னு சொல்லியிருக்காரு. மாமியார் கைமுறுக்கு சுத்தறாங்க, நான் சொல்லவே இல்லை.


வெறும்_டீ | 24 நாள் கழித்து, மாலை 4:30

நான் திருச்சிதான். பஸ் ஏறினா ரெண்டரை மணி நேரம். நீங்க கோயமுத்தூர்ல இருந்து அலையணுமா? வேணும்னா நான் முன்னாடி போய் விசாரிச்சுட்டு வர்றேன். சும்மாதான் இருக்கேன்.


ஓய்வுத்தபால் | 25 நாள் கழித்து, காலை 5:41

ரெண்டு பேரும் ஒரு நாள் பொறுங்க.

அம்மா, லெஃப்ட்னு எழுதறதுக்கும் நீங்க பயப்படறதுக்கும் சம்பந்தமில்லை. ஆள் இறந்திருந்தா டிசீஸ்ட்னு எழுதுவோம், அதுக்குத் தனிக் குறிப்பு இருக்கு. லெஃப்ட்னா வீட்டைக் காலி பண்ணிப் போயிட்டாங்க, மாத்து முகவரி கொடுக்கலைன்னு அர்த்தம். உடம்பு முடியாம மகன், மக வீட்டுக்குப் போற கிழவன் கிழவிங்களுக்கு நானே எத்தனை தடவை அப்படி எழுதியிருக்கேன். இறந்தும் இருக்கலாம், அதுக்கப்புறம் அந்த அம்மா கிளம்பிப் போயிருக்கலாம், அதையும் மறைக்க மாட்டேன். ஆனா எங்க போனாங்கன்னு அந்த ஊர் தபால்காரனுக்குத் தெரியாம இருக்காது. பென்சன் வாங்கறவர், விதை அனுப்பறவர், அடிக்கடி ஆபீசுக்கு வந்த ஆளாத்தான் இருப்பார்.

எனக்கு அந்தக் கோட்டத்துல இன்னும் ரெண்டு பேர் பழக்கம். பின்கோடும் தெருப் பேரும் மட்டும் தனிச்செய்தியில அனுப்புங்க. பொதுவுல போட்டுடாதீங்க. ஆபீஸ் பத்து மணிக்குத் திறப்பாங்க, நான் கூப்பிட்டுக் கேட்டுடறேன். எதுவா இருந்தாலும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்.


கட்டம்_நிரப்பி | 25 நாள் கழித்து, காலை 5:44

அனுப்பிட்டேனுங்க ஐயா.